ஏ பிளாக்கில் பதினேழு, சி பிளாக்கில் இரண்டு

அக்டோபர் பதினான்காம் தேதி காலை 6.02 மணிக்கு அடையாறு மாந்தோப்பு ரெசிடென்ஸிக்கு வந்த முதல் பார்வையாளரின் பெயர் காகம். எங்கிருந்து: ஆற்றுப் பக்கம். யாரைப் பார்க்க: ஏ பிளாக் மரம். கொண்டுவந்த பொருள்: பாதி இட்லி. வெளியே: 6.09. கையெழுத்துக் கட்டம் காலி.

இரண்டாவது பார்வையாளர் பால் போடுகிறவர். மூன்றாவது மைனா, இரண்டு பேர்.

பதிவேட்டை எழுதுகிற வேலம்மாவுக்கு வயது ஐம்பத்தொன்று. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வாசல் காவல் அவர் பொறுப்பு. புடவைக்கு மேல் நீலச் சட்டை, கழுத்தில் விசில், ஒரு காலுக்குக் கட்டுக்கம்பி சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். ஒரு நாள்கூட 5.55-க்குப் பிந்தியதில்லை.

மாந்தோப்பு ரெசிடென்ஸியில் மாமரம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, பதினொன்று. இரண்டு பழைய பங்களாக்களை இடித்து, மொத்தம் இருபத்திரண்டு மரங்களை எடுத்துவிட்டு, நாற்பத்து நான்கு வீடுகள் கட்டினார்கள். முன்னால் ஏ பிளாக், பின்னால் சி பிளாக். பி பிளாக் வரைபடத்தோடு நின்றுவிட்டது. மிஞ்சிய ஒரே மரம் வாசலில் இருக்கும் தூங்குமூஞ்சி மரம். காம்பவுண்டுச் சுவர் அதன் வயிற்றில் வந்து முட்டுவதால் பாதி மரம் உள்ளே, பாதி தெருவில். வெட்ட வந்தவர்கள் யார் பாதியை முதலில் வெட்டுவது என்று பேசி முடிப்பதற்குள் கட்டடமே முடிந்துவிட்டது.

பறவைகளைப் பதிவேட்டில் எழுதும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அசோகன். ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டு இருந்தவர். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, எண்ணெய்க் குளியலுக்குப் போகும்முன் காது மெஷினைக் கழற்றி பால்கனிக் கட்டையில் வைத்தார். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் மெஷினைக் காணோம். துண்டோடு வாசலுக்கு இறங்கி வந்தார்.

"யார் உள்ள வந்தா?"

"யாரும் வரல சார்."

"ஆ?"

"யாரும் வரல சார்! காக்கா ஒண்ணு வந்துச்சு. வாயில இன்னாவோ கவ்விக்கினு போச்சு."

அசோகன் பதிவேட்டைப் புரட்டினார். "எங்க எழுதியிருக்கே?"

"இன்னா சார், காக்காவையா?"

"உள்ள வந்திருக்கு. பொருளை எடுத்திருக்கு. வெளிய போயிருக்கு. எழுதலன்னா எப்படி? நாளைக்கு எது காணாமப் போனாலும் காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லிடலாமே!"

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும். வேலம்மா அன்றைய பக்கத்தில் எழுதிச் சேர்த்தார்: காகம், வெளியே 9.20, கொண்டுசென்ற பொருள் காது மெஷின். எழுத்தில் ஏறிவிட்ட பொருள் என்றைக்காவது திரும்பி வரும் என்று அசோகன் உறுதியாக நம்பினார். அதனால் புதிது வாங்கவில்லை. பக்கத்தில் நின்று கத்தினால் இடது காது கேட்கும்; மற்றபடி உலகம் அவருக்கு அமைதியாகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கடிதத்தைச் சிரித்து மறந்திருப்பார்கள். வேலம்மாவால் முடியவில்லை. காரணம், ஒரு கதவு.

அவர் வீடு முன்பு சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தது. 2015 வெள்ளம் வீட்டை விட்டுவிட்டுக் கதவை மட்டும் கொண்டுபோனது. பிறகு ஆற்றோர வீடுகளைக் காலி செய்து மாற்று வீடு தருவதற்காகக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் பெயின்ட்டால் எண் போட்டார்கள். வேலம்மா வீட்டில் எண் போடக் கதவில்லை. சுவரில் போட அவர்களுக்கு உத்தரவில்லை. இந்தப் பக்கத்து வீடு 61, அந்தப் பக்கத்து வீடு 62. நடுவில் வாசலில் நின்றுகொண்டிருந்த வேலம்மா எந்த எண்ணிலும் இல்லை. எண் இல்லாததால் வீடு இல்லை, வீடு இல்லாததால் மாற்று வீடும் இல்லை. பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடிச் சாவி கைக்கு வர இரண்டு வருஷம் நாலு மாசம் அலைந்தார்.

"எழுதுனாத்தான் நீ கீற," என்று பால்காரரிடம் ஒருமுறை சொன்னார். "எழுதலன்னா, எதிர்ல நின்னுக்கினு கத்துனாலும் நீ இல்ல."

அதனால் அவர் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரியும் கடைசி வரியும் அவரே: வேலம்மா, உள்ளே 5.55, வேலம்மா, வெளியே 6.00. நடுவில் வருகிற எல்லோரையும் எல்லாவற்றையும் எழுதினார்.

பெயர் தெரியாத பறவைகளுக்கு அவரே பெயர் வைத்தார். காய்ந்த கிளைப் பொந்துக்குள் இருந்துகொண்டு நாளெல்லாம் டொக்கு டொக்கென்று தட்டுகிற குக்குறுவான், "தச்சர்". ஏழெட்டாக வந்து ஒன்றையொன்று திட்டிக்கொண்டே தரையைக் கிளறுகிற தவிட்டுக்குருவிகள், "குழாயடி". அக்டோபரில் ஒருநாள் இமயமலை அடிவாரத்திலிருந்து களைத்து வந்து, காவல் அறைக்குப் பின்னால் சருகுக் குவியலில் ஒதுங்கிய வண்ணப் பறவையைப் புத்தகங்கள் ஆறுமணிக்குருவி என்கின்றன. காலை ஆறுக்கு ஒரு விசில், மாலை ஆறை ஒட்டி ஒரு விசில். வேலம்மாவின் அதே ஷிப்ட். அதற்கு "டூட்டிக்காரன்" என்று பெயர். கையெழுத்துக் கட்டம்தான் பிரச்சினை. ஒருநாள் நாற்காலிக்கு மேல் கிளையில் உட்கார்ந்திருந்த மைனா திறந்திருந்த பக்கத்தின் மீதே எச்சமிட்டது. சரியாகக் கடைசிக் கட்டத்தில். வேலம்மா அதைத் துடைக்கவில்லை. "நேரில் கையொப்பம்" என்று பக்கத்தில் எழுதினார்.

டிசம்பர் முதல் வாரம் லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். வாசலை அகலப்படுத்தி, தானாக இறங்கி ஏறும் தடுப்புக் கம்பமும் கேமராவும் வைத்து, செல்போன் ஆப் மூலம் பார்வையாளரை அனுமதிக்கப் போகிறார்கள். கம்பத்துக்கு இடம் வேண்டும் என்பதால் மரம் எடுக்கப்படும். அனுமதிக்கு மனு போட்டாயிற்று. ஜனவரி முப்பத்தொன்றோடு பகல் காவலுக்கு ஆள் தேவையில்லை.

வேலம்மா அதை இரண்டு முறை படித்தார். மகள் நிலா நர்சிங் இரண்டாம் ஆண்டு. காவல் ஏஜென்சிகளில் ஐம்பதைத் தாண்டிய ஆளைப் புதிதாக எடுப்பதில்லை. மரம் நின்றால் வேலை நிலைக்கும், மரம் போனால் அவரும் போகவேண்டியதுதான். லிஃப்டிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கிளி, நான்கு, உள்ளே 10.12 என்று எழுதினார்.

அந்த வாரத்தில்தான் ஹபீபுர் ரஹ்மான் பதிவேட்டைப் பார்த்தார். சி பிளாக் இரண்டாவது மாடி. மவுண்ட் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. கூரியர் வந்ததா என்று பார்க்க வந்தவர் "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? கிளி ஏ பிளாக். குயில் ஏ பிளாக். மரங்கொத்தி ஏ பிளாக். சி பிளாக்குக்கு யாரு வர்றா?"

"புறா வருது பாய்."

"புறா எனக்குத் தெரியும். என் ஏசி மேல குடும்பம் நடத்துது. வேற?"

"காக்கா."

"காக்கா ஊருக்கே வரும்மா. அதைக் காட்டி ஏமாத்தாதே. மொத்தம் எத்தனை வகை?"

வேலம்மா விரல் மடக்கினார். "ஏ பிளாக்குக்குப் பதினேழு. உங்களுக்கு ரெண்டு."

"நாங்களும் அஞ்சு வருஷமா இங்கதானே இருக்கோம்! எங்களுக்கு மட்டும் என்ன குறை?"

"அங்க மரம் இல்ல பாய். டைல்ஸ்தான் கீது."

"மரம் இல்லன்னா என்ன? ரெண்டு லிஃப்ட் இருக்கே!"

ஐந்து பக்கங்களைப் போட்டோ எடுத்து சி பிளாக் வாட்ஸாப் குழுவில் போட்டார். மாலைக்குள் இருபத்திரண்டு வீடுகளும் கொதித்தன. வீடு விற்கும்போது கொடுத்த வண்ணப் புத்தகத்தை யாரோ தேடி எடுத்தார்கள். நாலாம் பக்கத்தில் "பறவைகளோடு விடியும் காலை" என்று போட்டிருந்தது. ஏ பிளாக்குக்கு மட்டும் என்று எங்கும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் பொதுக்குழு கூடியது. மரத்தை வெட்டுவது பற்றி யாரும் பேசவில்லை. பறவைகளைப் பங்கிடுவது பற்றி இரண்டரை மணி நேரம் பேசினார்கள். நாங்கள் யாரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை, அவையாகத்தான் வருகின்றன என்றது ஏ பிளாக். நீங்கள் ரகசியமாகப் பழம் வைக்கிறீர்கள் என்றது சி பிளாக். அசோகன் வேலம்மாவைக் கூப்பிட்டார்.

"ஒத்தைப்படைத் தேதியில சி பிளாக்குக்கு அனுப்ப முடியுமா?"

"நான் வாசல்ல கீறேன் சார்," என்று அவர் இடது காதருகே கத்தினார் வேலம்மா. "அதுங்க மேல பறந்து வருதுங்க!"

"வாசல் வழி வராத பார்வையாளர்கள்" என்று அசோகன் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். மரத்தை வெட்டும்முன் ஆப்பை ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பது. பதிவேட்டில் என்னென்ன எழுதப்படுகிறதோ அத்தனையும், பறவைகள் உட்பட, பிளாக் வாரியாக ஆப்பிலும் பதிவாகவேண்டும். விகிதம் எப்படிப் போகிறது என்று சி பிளாக் கண்காணிக்கும்.

ஆப் நிறுவனத்திலிருந்து வந்த சேரன், கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை ஆட, "எல்லாத்துக்கும் சொல்யூஷன் இருக்கு சார்," என்றார்.

ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை கம்பத்தைத் தற்காலிகமாக நட்டு, கேமராவை அந்த மரத்திலேயே கட்டினார்கள். காலை 6.02-க்குக் காகம் வந்தது. நாற்பத்து நான்கு செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. "அறியப்படாத நபர் வந்துள்ளார். அனுமதிக்கவா? மறுக்கவா?" பச்சைக்கிளிகளை ஆப், பச்சைச் சட்டை அணிந்த டெலிவரி ஊழியர்கள் என்று சொன்னது. குழாயடி வந்து இறங்கியதும் ஏழு பேர் கொண்ட கும்பல் நுழைந்துவிட்டதாக எச்சரித்தது. ஏழரை மணிக்குள் முந்நூற்றுப் பதினொரு அழைப்புகள். அசோகன் ஒருவர்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

சி பிளாக் மூன்றாவது மாடியில் ஒருவர், ஏ பிளாக்குக்கு வந்த எல்லாப் பறவைகளுக்கும் வரிசையாக "மறுக்க" என்று அழுத்தினார். ஏ பிளாக் பதிலுக்குப் புறாக்களை மறுத்தது. ஒவ்வொரு மறுப்புக்கும் கம்பம் இறங்கியது. 8.45-க்கு உள்ளே பதினாலு கார்கள், வெளியே ஒரு பள்ளி வேன். நடுவில் கம்பம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. வேலம்மா கம்பத்தைத் தோளில் தாங்கி நின்று ஒவ்வொரு வண்டியாக அனுப்பினார். இடது கையால் வண்டி எண்ணையும் எழுதினார்.

சேரன் வியர்த்துப்போய் நின்றார். "பறவைங்ககிட்ட போன் நம்பர் இருந்தா பிரச்சினையே இல்ல சார்."

மத்தியானத்துக்குள் கம்பம் கழற்றப்பட்டது. அடுத்த ஞாயிறு பொதுக்குழுவில் நான்காவது தீர்மானத்தை அசோகன் தன் கையாலேயே எழுதினார். சி பிளாக்கில் மரம் நடப்படும். மாலை ஆறு மணிக்குப் பதிவேடு மூடும்போது இரண்டு பிளாக்குகளிலும் உள்ளே இருக்கும் பறவை வகைகள் என்றைக்குச் சமமாகின்றனவோ, அன்று வரை வாசல் மரமும் வேலம்மாவும் தொடரலாம். சமமான மறுநாளிலிருந்து இரண்டும் தேவையில்லை.

"கன்னு வளர எத்தினி வருசமாவும் சார்?" என்று அவர் இடது காதருகே கத்திக் கேட்டார் வேலம்மா.

"பதினஞ்சு."

ஐம்பத்தொன்றும் பதினைந்தும் அறுபத்தாறு. வேலம்மா தலையாட்டினார். அது போதும்.

கன்று நட ஹபீபுர் ரஹ்மான் தன் கார் நிற்கும் இடத்தையே கொடுத்தார். ஆறு டைல்ஸ் பெயர்த்து, மூன்றடிப் புங்கங்கன்று வைத்தார்கள். அவர் கார் தெருவுக்குப் போனது. தினமும் கடைக்குப் போகும்முன் ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்து நின்று கன்றைப் பார்த்தார். பறவை கூச்சப்படக்கூடாதாம்.

"ஏதாச்சும் வந்துச்சா?"

"எறும்பு வந்துச்சு பாய்."

"எழுதிக்கோ!"

"ரெக்கை இல்லியே பாய்."

பத்தொன்பதாம் நாள் காலை 8.14-க்கு ஒரு தேன்சிட்டு வந்து கன்றின் நுனியில் உட்கார்ந்தது. கன்று வளைந்தது. நாலு நொடி. பிறகு பறந்துவிட்டது. வேலம்மா பின்பக்கத்திலிருந்து ஓட்டமாக வந்து எழுதினார்: தேன்சிட்டு, யாரைப் பார்க்க: சி பிளாக். ஹபீபுர் ரஹ்மான் போனில் செய்தியைப் போட்டார். மாடிகளில் கைத்தட்டல் கேட்டது. யாரோ தீபாவளிக்கு மீந்த பத்தாயிரம்வாலாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அதைக் கன்றுக்குப் பக்கத்திலேயே விரித்து, 8.17-க்குக் கொளுத்தினார்கள்.

தூங்குமூஞ்சி மரம் ஒரே மூச்சில் காலியானது. மைனா, கிளி, குயில், தச்சர், குழாயடி, எல்லாம் ஆற்றுப் பக்கம் போய்விட்டன. சி பிளாக் ஏசிகளிலிருந்து புறாக்களும் போயின. புகை அடங்கியதும் வேலம்மா உட்கார்ந்து "வெளியே" என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக 8.17, 8.17, 8.17 என்று எழுதிக்கொண்டே போனார். டூட்டிக்காரனுக்கும் 8.17.

சத்தம் கேட்காத அசோகன், புகையைப் பார்த்து இறங்கி வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு மேலே போய் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துவந்தார்.

"ஏ பிளாக் பூஜ்யம். சி பிளாக் பூஜ்யம்," என்றார் மெதுவாக. "சமம்."

"சார், வெடி வச்சு ஓட்டிட்டு சமம்னா எப்பிடி சார்?" என்று வேலம்மா அவர் காதருகே கத்தினார்.

"எப்படி சமமாகணும்னு தீர்மானத்துல இல்லையேம்மா." அவருக்கே வருத்தமாக இருந்தது. ஆனால் முப்பத்தாறு ஆண்டு கால அட்டவணை எழுதியவர். "ஆறு மணி வரைக்கும் பார்ப்போம்."

ஏ பிளாக்காரர்கள் மரத்தடியில் கூடி அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அதனாலேயே எதுவும் இறங்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் புறாக்கள் சி பிளாக்குக்குத் திரும்பின. சி ஒன்று, ஏ பூஜ்யம். சி பிளாக் வரலாற்றில் முதன்முறையாக முன்னிலை. மூன்று மணிக்கு மரத்துக்கு ஒரு காகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றுக்கு ஒன்று.

ஐந்தே முக்கால் ஆனது. வேலம்மா மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. விசிலைக் கழற்றி மேசையில் வைத்தார். அசோகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே நின்றார். ஒரு பக்கம் ஏ பிளாக், மறுபக்கம் சி பிளாக்.

5.58-க்குக் காவல் அறைக்குப் பின்னால் சருகுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் வந்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. அசோகனின் தலை மட்டும் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

"சார்! டூட்டிக்காரன் சார்!" வேலம்மா அவர் காதருகே கத்தினார். "போவவே இல்ல! உள்ளதான் கீறான்!"

"எனக்குக் கேக்கலையே."

"எங்களுக்குக் கேட்டுச்சு!" என்றது ஏ பிளாக்.

"நீங்க ஏ பிளாக். உங்களுக்குக் கேக்கத்தான் செய்யும்." அசோகன் சி பிளாக் பக்கம் திரும்பினார். "உங்கள்ல யாருக்காவது கேட்டுதா?"

சி பிளாக் தரையைப் பார்த்தது. இரண்டு மாதம் கேட்டுப் போராடிய சமத்துவம், இன்னும் ஒரு நிமிஷத்தில் கைக்கு வரப்போகிறது. மறுபடி அந்த விசில், இந்தமுறை இன்னும் பலமாக. ஹபீபுர் ரஹ்மான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"கேட்டுச்சு சார்," என்று அசோகனின் இடது காதில் கத்தினார். "ரெண்டு தடவை."

"பாய்! நம்ம பிளாக்கு பாய்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"நம்ம பிளாக்குதான்யா. நாளைக்கு அந்தத் தேன்சிட்டு திரும்பி வந்தா எவன் எழுதுவான்? நீ எழுதுவியா? எட்டு மணிக்குத்தானே எந்திரிக்கிறே!"

ஏ பிளாக் இரண்டு, சி பிளாக் ஒன்று. வேலம்மா பேனாவை எடுத்து டூட்டிக்காரனின் 8.17-ஐ அடித்தார். "வெளியே" என்ற கட்டம் காலியானது. பதிவேட்டை ஹபீபுர் ரஹ்மான் பக்கம் திருப்பி, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். அவர் கையெழுத்துப் போட்டார், கடை பில்லில் போடுவதுபோல, முழுப் பெயரோடு.

விசிலை மாட்டிக்கொண்டு வேலம்மா அன்றைய கடைசி வரியை எழுதினார். வேலம்மா, வெளியே 6.04.

நாலு நிமிஷம் ஏன் தாமதம் என்று அசோகன் கேட்டார்.